ரத்தான சான்றிதழை யார் பார்க்கிறார்கள்?



தமிழ் நாளிதழ்களின் உட்பக்கங்களில், வரி விளம்பரங்களுக்கு நடுவே, சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு அவ்வப்போது வெளிவருவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ‘இன்ன கிராமத்தில் இன்ன சர்வே எண்ணுள்ள நிலத்தைப் பராமரிக்கவும் விற்கவும் இன்னாருக்கு எழுதிக் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தை இன்ன தேதியில் ரத்துச் செய்துவிட்டேன், இனி அவரோடு யாரும் அது குறித்துக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம்’ என்று அதில் கண்டிருக்கும். இத்தகைய பத்திரங்களை எழுதிக் கொடுப்போரில் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் தொகை சிறிதன்று. உத்தியோகம் மும்பையிலோ டில்லியிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருக்கும். பூர்விக நிலமோ திருநெல்வேலிச் சீமையில் இருக்கும். ஊருக்குப் போய் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. ஆகவே தம்பிக்கோ மைத்துனருக்கோ ஒரு ‘பவர்’ எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். சில ஆண்டுகளில் மனம் வேறுபடுகிறது. பத்திரத்தை ரத்துச் செய்கிறோம். ஆயினும் பழைய பத்திரம் கிழிந்துபோய்விடவில்லை. முத்திரைத் தாளும் கையொப்பமும் சாட்சிகளின் பெயர்களும் அப்படியே இருக்க, அது மைத்துனரின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டினால், ரத்தான செய்தியை அறியாத ஒருவர் நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடும்.

இந்தச் சங்கடத்தைச் சட்டம் நெடுங்காலமாகவே அறியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 208-ஆம் பிரிவில், முகவர் ஒருவரின் அதிகாரம் முடிவுற்றது என்பது மூன்றாம் மனிதரைப் பொறுத்தமட்டில் அவருக்கு அது தெரியவரும் வரையில் நடைமுறைக்கு வருவதில்லை என்று கூறுகிறது. ரத்துச் செய்தவர் ரத்துச் செய்துவிட்டார். எனினும் எதிரே நிற்பவரின் செவிக்கு எட்டும் வரையில் அந்த ரத்து அரை உயிரோடுதான் இருக்கிறது.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது நிலப் பத்திரத்தைப் பற்றியதன்று. வங்கிக் கணக்கைப் பார்க்கவும், ரயில் டிக்கெட் வாங்கவும், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பவும் நாம் நாள்தோறும் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள யந்திரங்களோடு பேசுகிறோம். அந்த யந்திரங்கள் ஒவ்வொன்றும் நம்மிடம் ஒரு சான்றிதழை நீட்டுகின்றன. அச்சான்றிதழும் ரத்தாகக் கூடியதே. ரத்தானதை நம் கையிலுள்ள மென்பொருள் பார்க்கிறதா என்பதே இன்றைய விஷயம்.

சான்றிதழ் என்பது இங்கே என்னவென்று முதலில் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு தளமும் ஓர் இணைத் திறவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று ஊரறிந்தது, மற்றொன்று இரகசியமானது. ‘இந்தப் பெயருடைய தளத்திற்கு உரிய பகிரங்கத் திறவுகோல் இது’ என்று, நம்பகமான மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுப்பதே சான்றிதழ். கையொப்பமிடுபவரைச் சான்றளிக்கும் அதிகாரி என்கிறோம். அவருடைய பெயர் நம்முடைய கைபேசியிலோ கணிப்பொறியிலோ முன்னதாகவே நம்பத்தக்கோர் வரிசையில் பதிந்திருக்கிறது. மேலே மூல அதிகாரி, அவருக்குக் கீழே இடைநிலை அதிகாரி, அவருக்குக் கீழே தளத்தின் சான்றிதழ் என்று அது சங்கிலியாக வரும். இதன் வடிவத்தை வகுத்த எக்ஸ்.509 என்னும் சர்வதேசத் தரம் 1988-இல் வெளியாயிற்று. சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் சரிதானா, பெயர் பொருந்துகிறதா, கெடு முடிந்துவிட்டதா என்ற மூன்றையும் மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில், யாரையும் கேளாமல், சான்றிதழைப் பார்த்தே முடிவு செய்துவிடும். நான்காவதான ரத்து மட்டும் சான்றிதழுக்குள்ளே இராது. ரத்து என்பது சான்றிதழ் எழுதிய பிறகு நடப்பது. அதை வெளியே போய்த்தான் விசாரிக்க வேண்டும். தொல்லை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

எதற்காக ரத்துச் செய்கிறார்கள்? இரகசியத் திறவுகோல் திருட்டுப் போயிருக்கலாம், ஏமாற்றுக்காரன் ஒருவன் பிறர் பெயரில் சான்றிதழ் பெற்றிருக்கலாம், நிறுவனம் கலைந்திருக்கலாம். நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. மின் கையொப்பச் சான்றிதழைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதற்கு 37-ஆம் பிரிவும், அடியோடு ரத்துச் செய்வதற்கு 38-ஆம் பிரிவும், அவ்விரண்டையும் அறிவிப்பதற்கு 39-ஆம் பிரிவும் அதில் இடம் பெற்றிருக்கின்றன. உடையவர் கேட்டுக்கொண்டாலும், அவர் காலமானாலும், நிறுவனம் கலைக்கப்பட்டாலும் ரத்துச் செய்யலாம் என்பது அதன் சாரம். அறிவிப்பை வெளியிட வேண்டும் என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது. அதைப் படிப்பது எதிரே நிற்பவரின் பாடு.

முதலில் கண்டுபிடித்த வழி, நாளிதழ் அறிவிப்பைப் போன்றதே. சான்றளித்தவர் ரத்தான சான்றிதழ்களின் வரிசை எண்களை ஒரு பட்டியலாக்கி, தம் கையொப்பமிட்டு, ஓரிடத்தில் வைத்துவிடுவார். அந்த இடத்தின் முகவரி ஒவ்வொரு சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் அங்கே போய்ப் பட்டியலை இறக்கிக்கொண்டு, கையிலுள்ள எண் அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

முகவரி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரி 29, 30 ஆகிய இரு நாட்களில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஊழியர் என்று பொய் சொல்லி யாரோ ஒருவர் வெரிசைன் என்ற சான்றளிப்பு நிறுவனத்திடமிருந்து இரண்டு சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். மென்பொருளில் கையொப்பமிடுவதற்கான சான்றிதழ்கள் அவை. அவற்றைக் கொண்டு எந்த நாச நிரலையும் ‘இது மைக்ரோசாப்ட் தயாரித்தது’ என்று காட்டலாம். தவறு தெரிந்ததும் வெரிசைன் அவற்றை ரத்துச் செய்து, பட்டியலிலும் சேர்த்துவிட்டது. ஆனால் அந்தச் சான்றிதழ்களில் பட்டியல் இருக்கும் இடத்தின் முகவரி இல்லை. ஆகையால் விண்டோஸ் யந்திரங்கள் தாமாகப் போய்ப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. முடிவில் மைக்ரோசாப்ட் தானே ஒரு திருத்தத்தை வெளியிட்டு, அந்த இரண்டு எண்களையும் யந்திரங்களுக்குள் நேரே எழுதிவைக்க வேண்டியதாயிற்று. இந்தச் சிறிய கதையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பதினைந்து இருபது ஆண்டுகள் சுற்றி அலைந்த பிறகு உலகம் ஏறக்குறைய இதே இடத்திற்குத்தான் திரும்பி வந்திருக்கிறது.

பட்டியலின் அடுத்த குறை அதன் பருமன். 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட ஒரு பிழை பகிரங்கமாயிற்று. உலகின் தளங்களில் பெரும்பகுதி உபயோகித்து வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் இருந்த ஓட்டை அது. வெளியார் ஒருவர் தளத்தின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரையில் உருவிக்கொள்ளலாம்; அதில் இரகசியத் திறவுகோலே அகப்பட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான தளங்கள் தங்கள் சான்றிதழ்களை ஒரே சமயத்தில் ரத்துச் செய்தன. குளோபல்சைன் என்ற அதிகாரியின் பட்டியல் ஒன்று சில பத்துக் கிலோபைட்டாக இருந்தது. அது 4 மெகாபைட்டுக்கு மேல் வீங்கிவிட்டது. ஒரே ஒரு எண்ணைத் தேடுவதற்காக ஒவ்வொரு கைபேசியும் அவ்வளவையும் இறக்க வேண்டுமென்றால் எந்த உலாவியும் அதற்குப் பொறுமை காட்டாது. போதாக்குறைக்கு, பட்டியலிலேயே ‘அடுத்த பதிப்பு இன்ன நாளில்’ என்று எழுதியிருக்கும். அதுவரையில் பழைய பிரதியை வைத்துக்கொண்டிருப்பவர் செவ்வாய்க்கிழமை ரத்தானதை ஞாயிற்றுக்கிழமைதான் அறிவார்.

ஆகவே 1999-இல் இரண்டாவது வழியை வகுத்தார்கள். முழுப் பட்டியலையும் கேட்காமல், ‘இந்த ஓர் எண் செல்லுமா, செல்லாதா?’ என்று சான்றளித்தவரிடமே அப்போதைக்கப்போது கேட்டுவிடுவது. ஓசிஎஸ்பி என்று அதற்குப் பெயர். காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குத் தொலைபேசியில் கேட்பதைப் போன்றது. மிகவும் நியாயமான யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் தொலைபேசி எடுக்கப்படாவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்தான் மென்பொருள் எழுதுவோர் வழுக்கி விழுந்தார்கள் என்பது நம் அபிப்பிராயம். விடை வராதபோது ‘செல்லாது’ என்று கொண்டால், விடையளிக்கும் யந்திரம் சற்றே படுத்துக்கொண்டாலும் அதைச் சார்ந்த தளங்கள் யாவும் உலகெங்கும் இருளடைந்துவிடும். விடுதியிலும் விமான நிலையத்திலும் இலவச இணைப்பைத் தருவோர், நாம் பெயரைப் பதிந்து உள்ளே நுழையும் வரையில் வெளியுலகத்தை அடைத்து வைக்கிறார்கள். அந்த நுழைவுப் பக்கத்தின் சான்றிதழையே விசாரிக்க இயலாது. ஆகவே உலாவிகள் அனைத்தும், விடை வந்து அது ‘ரத்து’ என்றால் தடுப்பது, விடையே வராவிட்டால் ‘செல்லும்’ என்று விட்டுவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டன. பெரும்பாலான நேரங்களில் இதனால் தீங்கில்லை. ஆனால் திருட்டுச் சான்றிதழை உபயோகிப்பவன் யார்? நமக்கும் தளத்துக்கும் நடுவே, கம்பியின் மீது உட்கார்ந்திருப்பவன். நாம் தளத்துக்கு அனுப்புவதை மறிக்கக் கூடியவன், விசாரணைக் கடிதத்தையும் மறிக்கக் கூடியவனே. அவன் அதைக் கிழித்துப் போட்டால் போதும், விடை வராது, மென்பொருள் ‘செல்லும்’ என்று கொண்டுவிடும். 2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற ஆராய்ச்சியாளர் இதைவிட எளிதான ஒன்றையும் எடுத்துக்காட்டினார். ‘இப்போது இயலாது, பிறகு வா’ என்று ஒரு விடை அந்த முறையிலேயே உண்டு. அந்த விடைக்குக் கையொப்பம் தேவையில்லை. நடுவில் இருப்பவன் அதை எழுதி அனுப்பிவிட்டால் உலாவி சாந்தமாகத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இது ஏட்டளவில் நின்ற ஆபத்தன்று. 2011-இல் நெதர்லாந்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிஜிநோடார் என்பது அந்நாட்டின் சான்றளிப்பு நிறுவனங்களில் ஒன்று. அரசாங்கத் தளங்களுக்கே சான்றிதழ் கொடுத்து வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்நியன் ஒருவன் அதன் யந்திரங்களுக்குள் புகுந்தான். ஜூலையில் அவன் தானே சான்றிதழ்களை எழுதிக்கொள்ளத் தொடங்கினான். மொத்தம் 500-க்கு மேல். அவற்றுள் ஜூலை 10-ஆம் தேதி எழுதப்பட்ட ஒன்று, கூகிளின் எல்லாத் தளங்களுக்கும் செல்லத்தக்கது. அந்த மாத நடுவிலேயே நிறுவனம் ஊடுருவலைக் கண்டுகொண்டது. தன் கண்ணில் பட்ட போலிகளை ரத்துச் செய்தது. வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கூகிளின் பெயரிலிருந்த சான்றிதழ் அதன் கண்ணில் படவில்லை.

ஆகஸ்டு மாதம் முழுவதும் அந்த ஒரு சான்றிதழ் ஈரானில் உலவிற்று. அங்கே ஜிமெயிலைத் திறந்தவர்கள், நடுவில் இருந்தவனுடைய யந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பதை அறியாமல், கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள், கடிதங்களைத் திறந்தார்கள். அவர்களுடைய உலாவிகள் சட்டப்படி டிஜிநோடாரைக் கேட்டும் பார்த்தன: ‘இந்தச் சான்றிதழ் செல்லுமா?’ டிஜிநோடாரின் யந்திரம், ரத்துப் பட்டியலில் அந்த எண் இல்லாத காரணத்தால், ‘செல்லும்’ என்று விடை கூறிக்கொண்டிருந்தது. தான் எழுதாத சான்றிதழைப் பற்றி, தன் பதிவேட்டிலேயே இல்லாத எண்ணைப் பற்றி, அது அவ்வாறு சொல்லிற்று. ரத்துச் செய்தவற்றை மட்டும் குறித்துவைத்து, குறிக்காததையெல்லாம் நல்லதென்று கொள்ளும் முறையில் அந்த யந்திரம் அமைந்திருந்தது.

பிடிபட்டது வேறொரு வழியால். குரோம் உலாவியைச் செய்த கூகிள், தன் சொந்தத் தளங்களுக்கு இன்னின்னார் கையொப்பந்தான் செல்லும் என்று உலாவிக்குள்ளேயே எழுதிவைத்திருந்தது. ஈரானிலிருந்த ஒருவருக்கு அந்த எச்சரிக்கை திரையில் தோன்ற, அவர் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். ஆகஸ்டு 29-இல் உலகம் அறிந்தது. அதன் பிறகுதான் டிஜிநோடார் அந்தச் சான்றிதழை ரத்துச் செய்தது. ஃபாக்ஸ்-ஐடி என்ற நிறுவனம் விசாரணை நடத்தியபோது, டிஜிநோடாரின் யந்திரத்திற்கு வந்திருந்த ‘செல்லுமா’ கேள்விகளின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தது. அந்த ஒரு சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்த முகவரிகள் ஏறக்குறைய 3,00,000. அவற்றில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்டவை ஈரானைச் சேர்ந்தவை. காவலுக்காக ஏற்பட்ட விசாரணை முறை, காவல் செய்யவில்லை. ஏமாந்தோர் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் சாட்சியாய் நின்றது. அந்தக் கடிதங்களைப் படித்தவர்கள் பிறகு யாரை என்ன செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இதை ஏதோ யந்திர நுட்பம் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

எழுதப்பட்ட போலிகளின் எண்களெல்லாம் தெரியாததால், செப்டம்பர் 1-ஆம் தேதியில் முறையைத் தலைகீழாக மாற்றினார்கள்: பதிவேட்டில் இருப்பது மட்டுமே செல்லும், ஏனையவை ரத்து. அதற்குள் காலம் கடந்துவிட்டது. உலாவிகளைச் செய்வோர் டிஜிநோடாரின் மூலப் பெயரையே தங்கள் வரிசையிலிருந்து நீக்கினர். நெதர்லாந்து அரசாங்கம் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 20-ஆம் தேதி நிறுவனம் திவாலாயிற்று.

நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒன்று நடந்ததுண்டு. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகிளின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை அந்நிறுவனம் கண்டது. கையொப்பமிட்டிருந்தது தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருந்த மூலச் சான்று இந்தியாவின் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளருடையது. அது மைக்ரோசாப்டின் நம்பகப் பட்டியலில் இருந்தபடியால் விண்டோஸ் யந்திரங்களில் பெரும்பாலான நிரல்கள் அதை ஏற்றுக்கொண்டன. சொந்தப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸை அது தொடவில்லை. மறுநாள் ஜூலை 3-ஆம் தேதியே கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் ரத்துச் செய்தார். ஒரே நாளில் செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ரத்தைத் தாமாகப் போய்ப் பார்த்துக்கொண்ட யந்திரங்கள் எத்தனை இருந்திருக்கும்? கூகிள் தன் குரோம் உலாவிகளுக்கு அந்த எண்களைத் தானே அனுப்பிவைத்தது. மைக்ரோசாப்டும் தன் யந்திரங்களுக்கு அவ்வாறே செய்தது. விசாரணையில் நான்கு சான்றிதழ்கள் மட்டுமே தவறாக எழுதப்பட்டன என்று கட்டுப்பாட்டாளர் தெரிவித்தார். அந்த நான்கிலும் அடங்காதவற்றைத் தாம் கண்டிருப்பதாகக் கூகிள் சொல்லிற்று. அதன் விளைவாக, நம் நாட்டு மூலச் சான்றை அரசாங்கத் தளங்களும் ரிசர்வ் வங்கியும் உள்ளிட்ட ஏழு பெயர்த் தொகுதிகளுக்கு மட்டும் ஏற்பதென்று குரோம் வரம்பு கட்டிவிட்டது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு, உலாவிகள் ‘போய்க் கேட்பது’ என்ற வழக்கத்திலிருந்து மெல்ல விலகின. குரோம் 2012-லேயே ஒவ்வொரு தடவையும் கேட்பதை நிறுத்திவிட்டு, முக்கியமான ரத்து எண்களைத் தொகுத்து, நாளிதழை வீட்டு வாசலில் போடுவதைப் போல ஒவ்வொரு உலாவிக்கும் அனுப்பத் தொடங்கிற்று. ஃபயர்பாக்ஸ் 2015-இல் இடைநிலைச் சான்றிதழ்களுக்காக அதே போல் ஒரு பட்டியலை ஏற்படுத்திற்று. ஆனால் இவை தேர்ந்தெடுத்த சிலவே. உலகத்து ரத்துகள் எல்லாம் அவற்றில் அடங்கா. எல்லாவற்றையும் அடக்கும் ஒரு தந்திரத்தை ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். எண்களை அப்படியே எழுதாமல், ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்த சல்லடைகளைப் போன்ற கணித வடிகட்டிகளில் அடைப்பது அது. முதல் சல்லடை ரத்தானவை அனைத்தையும் பிடித்துவிடும். கூடவே சில நல்லவற்றையும் தவறாகப் பிடிக்கும். தவறாகப் பிடிபட்டவற்றை அடுத்த சல்லடை பிரித்தெடுக்கும்; அதன் தவறுகளை அதற்கடுத்தது. கடைசியில் பிழையே இல்லாமல் போகிறது. கோடிக்கணக்கான சான்றிதழ்களின் நிலை சில மெகாபைட்டுக்குள் அடங்குகிறது. ஃபயர்பாக்ஸ் 2025-இல் மேசைக் கணிப்பொறிகளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகையால் நடுவில் இருப்பவன் மறிக்கவும் எதுவுமில்லை. இந்த முழு வரலாற்றிலும் நமக்கு உள்ளபடியே மகிழ்ச்சி தருவது இந்த ஒன்றுதான்.

போய்க் கேட்பதில் வேறொரு சங்கடமும் இருந்தது. நாம் எந்தத் தளத்தைத் திறக்கப் போகிறோம் என்பதை, நமக்குச் சம்பந்தமில்லாத சான்றளிப்பு நிறுவனத்துக்கு நாமே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தோம். வைத்தியரைத் தேடியதும், வழக்கறிஞரைத் தேடியதும் ஒரு மூன்றாமவர் குறிப்பேட்டில் சேர்ந்துகொண்டே வந்தன. விடை தாமதமானால் யந்திரமே நின்றுபோவதும் உண்டு. 2020 நவம்பர் 12-ஆம் தேதி ஆப்பிளின் விசாரணை யந்திரம் படுத்துவிடாமல், மிக மெதுவாக ஊர்ந்தது. உலகெங்கும் மேக் கணிப்பொறிகளில் நிரல்கள் திறவாமல் தவித்தன. இணைப்பை அடியோடு துண்டித்தவர்களுக்கோ அவை உடனே திறந்துகொண்டன. விடையில்லை என்றால் விட்டுவிடுவது, விடை தாமதித்தால் காத்திருப்பது என்ற விதியின் வினோதம் அது.

இடையில் நல்ல யோசனை ஒன்றும் தோன்றியதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடிருப்பதற்கான சான்றைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் அல்லவா? அதைப் போலத் தளமே, சான்றளித்தவரிடமிருந்து ‘இன்றளவும் இது செல்லும்’ என்ற புதிய கையொப்பத்தைப் பெற்று, தன் சான்றிதழோடு சேர்த்து நீட்டிவிடுவது. கேட்பவருக்கு அலைச்சல் இல்லை; இரகசியமும் காக்கப்படும். இந்த இணைப்பு இல்லாமல் வந்தால் என்னை ஏற்காதே என்று சான்றிதழிலேயே எழுதிவைக்கவும் 2015-இல் விதி செய்தார்கள். ஆனால் தளங்களை நடத்துவோரில் பலர் அதைச் செய்யவில்லை; சில உலாவிகள் அதை மதிக்கவும் இல்லை. அது பரவாமலே போய்விட்டது.

இப்போது உலகம் பிடித்திருக்கும் வழி, ஆயுளைக் குறைப்பது. சான்றிதழ் சில நாட்களிலேயே தானாகக் காலாவதியாகிவிடுமானால், ரத்தைத் தேடும் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. 2020 செப்டம்பரிலிருந்து தளச் சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. சான்றளிப்போரும் உலாவி செய்வோரும் கூடிய மன்றம், 2025 ஏப்ரலில், அதை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைப்பதென்று முடிவு செய்தது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட், ஆறு நாள் ஆயுளுள்ள சான்றிதழ்களையும் தரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டு 6-ஆம் தேதி தன் ஓசிஎஸ்பி யந்திரங்களை அடியோடு மூடிவிட்டு, ரத்துகளைப் பட்டியலில் மட்டும் வெளியிடுகிறது. மூடுவதற்கு முன் அந்த யந்திரங்கள் மாதத்துக்கு 34,000 கோடி கேள்விகள் வரையில் விடை சொல்லிக்கொண்டிருந்தன. மறுபடியும் பட்டியலுக்கே வந்துவிட்டோம்.

இதுவரையில் உலாவிகளைப் பற்றியே பேசினோம். நம்மைக் கவலைக்குள்ளாக்குவது உலாவி அல்லாத நிரல்கள். அலுவலகத்தில் கணக்கை இரவோடிரவாக வங்கிக்கு அனுப்பும் நிரல், கடையின் கல்லாவில் உள்ள யந்திரம், ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு விவரம் கொண்டுபோகும் நிரல் ஆகியவற்றுக்கு, வாசலில் பட்டியலைப் போட்டுவிட்டுப் போக யாருமில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம், கேட்டாலொழியத் தானாக ரத்தைப் பார்ப்பதில்லை. பைதான் மொழியின் இயல்பான அமைப்பும் பார்ப்பதில்லை. கோ மொழியின் நிரலகமும் அவ்வாறே. ஜாவாவில் அதற்கு ஒரு விசை உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கிறது. கர்ல் என்ற பெயர்பெற்ற நிரலில் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்; சொன்னால்தான் பார்க்கும். விண்டோஸின் சொந்த நிரலகத்தோடு சேர்த்துக் கட்டினால் மட்டும் அது தானாகவே பார்க்கிறது. அதனால் இணைப்பு தடைப்படும்போது, ‘பார்க்காதே’ என்ற விருப்பக் கட்டளை அதிலேயே ஆயத்தமாக இருக்கிறது. அவசரக்காரர்கள் எதைத் தேடிப் பிடிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதுவோர் மீது முழுப் பழியையும் போட நமக்கு விருப்பமில்லை. ரத்தைப் பார்க்கும் நிரல் அடிக்கடி நின்றுவிடும். பாராத நிரல் எப்போதும் ஓடும். பாராததால் வரும் நஷ்டம் ஒருநாள் வரக்கூடும் என்பதையோ மேலதிகாரியிடம் காட்ட ஒரு கணக்கும் இல்லை.

மென்பொருள்துறையில் இருக்கும் நம்மவர் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புணேயிலும் மிகுதி. அவர்களில் இதைக் கேட்பவர்கள், தங்கள் நிரல் ரத்தான சான்றிதழ் ஒன்றைச் சந்தித்தால் என்ன செய்கிறது என்பதை நாளைக் காலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இதற்கென்றே ரத்துச் செய்த சான்றிதழோடு நடத்தப்படும் சோதனைத் தளங்கள் உண்டு. நிரல் தயங்காமல் உள்ளே போய்விட்டால், எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். வெளியே பெரிய மாறுதல் செய்ய முடியாவிட்டாலும், தங்கள் நிறுவனத்துக்குள்ளே ஒன்றோடொன்று பேசும் யந்திரங்களின் சான்றிதழ்களுக்காவது சில நாள் ஆயுளே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் செய்யக் கூடியது அதிகமில்லை. உலாவியையும் கைபேசியின் மென்பொருளையும் புதுப்பித்து வைத்துக்கொண்டால், வாசலில் வந்து விழும் பட்டியல் தவறாமல் வந்து சேரும். ‘சான்றிதழ் ரத்துச் செய்யப்பட்டது’ என்று உலாவி தடுத்தால், அவசரத்திலும் அதைத் தாண்டிப் போக வழி தேடக் கூடாது. அந்தச் சொல் திரையில் வரும் வரையில் எவ்வளவு தடைகளைக் கடந்து வந்திருக்கிறது என்பதை மேலே கேட்டீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் பலருக்கு நேரே பயன்படலாம். சிறு வணிகம் நடத்தும் நம்மவர் பலர், வரி விவரங்களில் கையொப்பமிடுவதற்கான மின் கையொப்பத்தை, விரலளவுள்ள ஒரு டோக்கனில் வாங்கி, சொந்த ஊரிலுள்ள ஆடிட்டரின் மேசை அறையிலேயே கடவுச்சொல்லோடு விட்டுவிட்டு வருகிறார்கள். அதுவும் ஒரு ‘பவர்’ தான். எழுத்தில் இல்லாத பவர். அந்த டோக்கன் காணாமற்போனாலோ, பிறர் கையில் சிக்கிவிட்டதென்று தெரிந்தாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சான்றளித்தவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்கும் வரையில் பொறுப்பு உடையவருடையதே என்றும் அதிலேயே விளக்கம் சொல்லியிருக்கிறது. ரத்துக்கான வேண்டுகோளை அனுப்பும்போது, அனுப்பிய நாளும் நேரமும் விளங்கும் ஒப்புகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில நாட்களில், அந்த அதிகாரி வெளியிடும் ரத்துப் பட்டியலில் தமது சான்றிதழின் வரிசை எண் ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரையே பார்த்துச் சொல்லச் சொல்லலாம். எண் ஏறவில்லையென்றால் அந்த ஒப்புகையைக் காட்டி மறுபடியும் எழுத வேண்டும்.